துண்டிக்காத அழைப்பு

ஏழாவது தடம் எனக்கு.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
ஓமலூர் சுங்கச்சாவடிக் கூண்டில்
ரசீது இயந்திரத்துக்குப் பின்னால்
கேமரா பார்க்காத மூலையில்
ஒரு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் சாய்த்து வைத்திருப்பேன்.

மறுமுனையில், கருப்பூரில்,
உள்தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை.
மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை முனகும்.
லோகித் பல்லை நறநறப்பான்.
பூவிழி தம்பியின் காலைத்
தன் வயிற்றிலிருந்து தள்ளிவிட்டுத் திரும்பிப் படுப்பாள்.
பாயின் சரசரப்பில்
யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை
கம்பெனிக்காரன் அழைப்பைத் துண்டிப்பான்.
மறுபடி அடிப்பேன்.
கிழக்கே சேர்வராயன் மலையில்
ஏற்காடு ஏறும் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவில் மறையும்.
அடுத்த வளைவில் அது வரும்வரை
மணி போய்க்கொண்டிருக்கும்.
பிறகு
தானாகவே எடுத்துக்கொள்ளும் அவர்கள் ஃபோன்.
பூவிழிதான் அப்படி மாற்றி வைத்தாள்.
பதினோரு வயது.
இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்க
எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினால்
‘அம்மா குளிக்கிறாங்க’ என்று சொல்லச்
சொல்லிக்கொடுத்தது நான்.
போன மாதம்
வகுப்பில் பொய் சொன்னாள் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.
வீட்டுக்கு வந்து அடித்தேன்.
‘எந்தப் பொய்க்கும்மா அடிக்கறே?’ என்றாள்.
அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பெங்களூர் எண் போட்ட வண்டிகளை
முன்பெல்லாம் குனிந்து பார்ப்பேன்.
ஃபாஸ்டேக் வந்த பிறகு
யாரும் கண்ணாடியை இறக்க வேண்டியதில்லை.
அவனும் ஒருநாள் கடந்திருக்கக்கூடும்,
ஒரு பீப் சத்தமாக.
தடுப்புக்கட்டையைத் தூக்கி
நானேகூட வழிவிட்டிருக்கக்கூடும்.

தை மாதப் பனி. மூன்று மணி.
சங்ககிரி லாரி ஒன்று, டேக் படிக்கவில்லை.
ஓட்டுநர் பணத்தை நீட்டும்போது
லோகித் இருமினான்.
கூண்டுக்குள் இருந்து ஒரு குழந்தை இருமினால்
யார்தான் எட்டிப்பார்க்க மாட்டார்கள்?
அந்த ஆள் பார்த்தான்.
‘நெஞ்சுல சளிங்க’ என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.
பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன.
ஃபோனைக் கையில் எடுத்து
‘பூவிழி, அவனை ஒருக்களிச்சுப் படுக்க வை’ என்றேன்.

‘வெச்சாச்சும்மா.
நீ சில்லறையக் குடு,
அந்தண்ணன் நிக்கறாரு.’

தூக்கம் கலையாத குரல் இல்லை அது.
விழித்தே கிடந்தவளின் குரல்.

சில்லறை கொடுத்தேன். லாரி போனது.
அதன்பின் பதினேழு வண்டிகள்.
எண்ணிக்கொண்டே யோசித்தேன்.
கேட்பது நான் மட்டுமென்று
ஒன்றரை வருடம் இருந்திருக்கிறேன்.
ஃபோன் இரண்டு பக்கமும் கேட்கும் என்று
பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.
குடித்துவிட்டு வந்தவன் என்னிடம் கேட்ட விலை.
சூப்பர்வைசரிடம் நான் கெஞ்சிய விதம்.
பிறகு, ஆறாவது தடத்து ஜெயக்கொடியிடம்
ஒரு அதிகாலையில் சொல்லத் தொடங்கியது:
‘சில நாள் தோணும்டி,
இதுங்க ரெண்டும் மட்டும் இல்லாட்டி...’
மிச்சத்தை நான் சொல்லவில்லை.
அவள் என்ன போட்டு நிரப்பியிருப்பாளோ.

காலையில் கதவைத் திறந்தவள்
‘டீ போடவா?’ என்றாள்.
‘நான் போடறேன்’ என்றேன்.
அடுப்புக்கு முன்னால் நின்று
இரண்டு பேரும் ஒரே தீப்பெட்டிக்குக் கை நீட்டினோம்.
கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.
தம்பிக்கு ராத்திரி காய்ச்சல் நூறு என்றாள்,
குறித்து வைத்திருந்தாள்.

அன்றிரவு
கூண்டில் உட்கார்ந்ததும்
என் பக்கத்துச் சத்தத்தை அணைத்தேன்.
கால் மணிநேரம்கூட ஆகவில்லை.

‘அம்மா, ம்யூட்ட எடு.
லாரி சத்தம் இல்லாட்டி
இவன் தூங்கமாட்டேங்கறான்.’

எடுத்தேன்.
‘நீ?’ என்று கேட்டேன்.

மின்விசிறி முனகியது, மூன்றாவது சுற்றில்.
யாரோ ஹாரன் அடித்தார்கள்.